சூரியகாந்தி: பூ, விதை, எண்ணெய் பற்றிச் சில சந்தேகங்கள்

சில வாரங்களுக்கு முன்பு கிள்ளானில் ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக் கொண்டிருந்த நேரத்தில், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் சகோதரர் ஒருவர் தம் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. சூரியகாந்தி விதை தெனம் ஒரு கைப்பிடி தின்னா பிரஷர் மாத்திரையே வேண்டாமாம். எங்க மச்சான் இதைப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்திட்டாரு. மூணு மாசமா குவாச்சிதான் கொறிச்சிக்கிட்டு இருக்காரு. இது உண்மைதானா?"

உண்மையல்ல என்று அந்த இடத்திலேயே சொன்னேன். மறுநாள் காலையில் மச்சானை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப் போகும்படியும் சொன்னேன். அங்கே அளந்து பார்த்ததில் மேல் அளவு 190, கீழ் அளவு 110. நல்ல வேளையாகக் கைகால் விழுவதற்கு முன்பே ஆள் போய்ச் சேர்ந்தார். இப்போது மாத்திரையைத் திரும்பவும் ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறார்.

அந்தச் சம்பவத்திற்குப் பிறகு சூரியகாந்தியைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் சிலர் எண்ணெயைப் பற்றியும், பிள்ளைகள் பூவைப் பற்றியும் கேட்டார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் மச்சானின் விஷயத்தை முடித்துவிடுவோம். சூரியகாந்தி விதை நல்ல உணவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தோல் நீக்கிய பருப்பு 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதமும் 50 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. கொழுப்பில் பெரும்பகுதி இருதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. மெக்னீசியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும், ஈ வைட்டமினும் தாராளமாக உண்டு. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஈ வைட்டமினில் பாதி, ஒரு சிறு கைப்பிடிப் பருப்பிலேயே கிடைத்துவிடும். மெக்னீசியமும் பொட்டாசியமும் உள்ள உணவு இரத்த அழுத்தத்திற்குக் கொஞ்சம் உதவும் என்பதும் மெய்யே. யாரோ ஒருவர் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அதுதான் நடந்தது.

இன்னொன்றையும் அவர் மறந்துவிட்டார். மச்சான் தின்றது வெறும் பருப்பு அல்ல, பாசார் மாலாமில் பாக்கெட்டில் விற்கும் குவாச்சி. அதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தோ வேகவைத்தோ வறுத்து விற்கிறார்கள். உப்பு முழுவதும் ஓட்டின்மேல் படிந்திருக்கும். நாம் என்ன செய்கிறோம்? ஓட்டோடு வாயில் போட்டு, சப்பி, பல்லால் உடைத்து, பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டைத் துப்புகிறோம். ஓடு வெளியே போகிறது, உப்பு வயிற்றுக்குள் போகிறது. உப்பில்லாத பருப்பில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். குவாச்சியில் உள்ள சோடியம் எல்லாம் கடைக்காரர் சேர்த்ததுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. தேக்கரண்டியில் எடுத்தால் தலைதட்டி ஒரு கரண்டிதான். சோடியக் கணக்கில் 2,000 மில்லிகிராம். கருவாடு, ஊறுகாய், மீ கோரெங், சம்பால் எல்லாம் சேர்ந்து ஏற்கனவே இந்த அளவைத் தாண்டிய வீடுதான் நம் வீடு. 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிய வந்தது. ஆகவே பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து 'சோடியம்' அல்லது 'நத்ரியம்' என்று எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். பாக்கெட் முழுவதையும் தின்றால் எவ்வளவு என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

"அப்படியானா குவாச்சியே கூடாதாங்க?" என்று ஓர் அக்கா கேட்டார். கூடாது என்று நான் சொல்லவில்லை. சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டுக்காரர் கொடுத்ததை இரண்டு கை கொறித்தால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் தின்ன ஆசைப்படுகிறவர்கள் உப்புச் சேர்க்காத, ஓடு நீக்கிய பருப்பை வாங்கி வீட்டுச் சட்டியில் லேசாக வறுத்துக் கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். நூறு கிராமில் ஏறக்குறைய 580 கலோரி இருக்கிறது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் நூறு கிராம் போவதே தெரியாது.

சர்க்கரை நோயாளிகள் அளவோடு தின்னலாம், இதில் மாவுச்சத்து குறைவு. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்கள், முக்கியமாக டயாலிசிஸ் செய்து கொள்கிறவர்கள், டாக்டரையோ உணவு ஆலோசகரையோ கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களுக்கு நல்லது செய்யும் அதே பொட்டாசியமும் பாஸ்பரசும் இவர்கள் உடம்பில் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். பொட்டாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே தடுமாறும். கிள்ளான் பக்கம் டயாலிசிஸ் நிலையங்களில் நம்மவர்கள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

குவாச்சி என்ற பெயரில் நம் நாட்டில் விற்பதெல்லாம் சூரியகாந்தி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சீனர்களிடமிருந்து வந்த சொல். கறுப்பாகத் தட்டையாக இருப்பது தர்ப்பூசணி வகை விதை. வெள்ளையாக இருப்பது பூசணி விதை. சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு போட்டு நீளமாக இருப்பதுதான் சூரியகாந்தி. மூன்றுக்கும் உப்பு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பல் விஷயத்திலும் இல்லை. வருஷக் கணக்கில் முன்பல்லால் உடைத்துக் கொண்டே இருந்தால் பல்லின் விளிம்பில் வெட்டு விழும். கண்ணாடியில் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப் போவது தாய்மார்களும் பாட்டிமார்களும் கவனிக்க வேண்டியது. வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். பாட்டி குவாச்சி கொறிக்கிறார், மடியில் இருக்கும் பிள்ளை கை நீட்டுகிறது. ஒன்றை உடைத்து வாயில் வைக்கிறார். பிள்ளை சிரிக்கும்போதோ அழும்போதோ அந்தப் பருப்பு உணவுக் குழாயில் போகாமல் மூச்சுக் குழாயில் போய்விடுகிறது. கச்சான், குவாச்சி போன்றவை சிறு பிள்ளைகளின் மூச்சுக் குழாயில் சிக்குவது உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் காணும் சங்கதி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு விதையைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் நன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

புரையேறிவிட்டால் என்ன செய்வது? பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள், இருமலே அதை வெளியே தள்ளும். இருமவோ அழவோ முடியாமல் முகம் நீலமாகிவிட்டால் தாமதிக்கக் கூடாது. பிள்ளையை முன்பக்கமாகக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது. குழந்தையை முன்னங்கையில் தலை தாழ்வாகக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடு எலும்பில் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்து கொண்டே இன்னொருவரை 999-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை மயங்கி மூச்சு நின்றுவிட்டால் தரையில் கிடத்தி, 999-இல் பேசுகிறவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே இருப்பது இன்னும் கீழே போய்விடும்.

இதில் ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. சில சமயம் பிள்ளை திடீரென்று கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சாதாரணமாகிவிடும். "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். விதை நுரையீரலின் ஒரு கிளையில் போய் உட்கார்ந்திருக்கும். சில நாளில் இழைப்பும் காய்ச்சலும் வரும். அப்போது கிளினிக்கில் "சளிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சளிக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். "போன வாரம் விதை தின்னப்போ புரையேறிச்சு" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ஓட்டைத் துப்பச் சோம்பல்பட்டு அப்படியே விழுங்குவதும் உண்டு. அந்த ஓடுகள் செரிக்காது. மலக்குடலில் கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மலம் கழிக்கும் போது முள் குத்துவதுபோல் வலிக்கும். சில பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

அடுத்தது, நடுவதற்கென்று விற்கும் விதை. கடைகளில் பூச்செடி விதைப் பாக்கெட் விற்கிறார்கள். அதில் சில விதைகள் சிவப்பு, பச்சை அல்லது நீல நிறத்தில் இருக்கும். அழகுக்காகப் பூசிய சாயம் அல்ல அது. பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் மருந்து பூசிய விதை, தின்னக்கூடாது என்பதற்கு அடையாளமாகத்தான் அந்த நிறம். மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போட்டுக் கொள்ளும் நிறம் அது! நான் தோட்டத்து டிரஸராக இருந்த நாளில் ஒரு வீட்டில் நடுவதற்கு வைத்திருந்த விதையைக் குவாச்சி டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளை எடுப்பதற்கு முன் என் கண்ணில் பட்டது. நட்டது போக மிஞ்சியதை அதன் பாக்கெட்டிலேயே வைத்து உயரத்தில் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியாக வைத்தியம் செய்ய முடியும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையம் இப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்கிறது.

விதையைப் பற்றிப் பேசும்போது மண்ணையும் பேச வேண்டும். மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைச் சூரியகாந்தி உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். காட்மியத்தை விதைப் பருப்பு வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கும். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி 1990-களில் செர்னோபில் அருகே ஒரு குளத்தில் மிதவையில் சூரியகாந்தியை வளர்த்துக் கதிரியக்கப் பொருள்களை உறிஞ்ச வைத்துப் பார்த்தார்கள். 2011-இல் ஜப்பானில் புகுஷிமா விபத்துக்குப் பின் நிலத்தில் நட்டுப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நமக்கு இதில் என்ன பாடம் என்றால், பழைய பேட்டரி கொட்டிய இடம், மருந்து ஸ்டோர் பக்கம், தெளிப்பான் கழுவும் வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களில் நட்ட செடியின் பூவைப் பார்த்து ரசிக்கலாம், விதையைத் தின்னக்கூடாது. காலியான மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணீர் ஊற்றப் பயன்படுத்துவதும் வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தடைக்கு முந்திய தோம்பு எந்த வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறதோ, யார் கண்டது?

இனி எண்ணெய். "ஐயா, கடையில சூரியகாந்தி எண்ணெய் போத்தல் வெலைய பாத்தா தலை சுத்துது. ஆனா நல்லதுன்னு சொல்றாங்களே, வாங்கத்தான் வேணுமா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. மானிய விலையில் ஒரு கிலோ பாக்கெட் செம்பனை எண்ணெயை 2 வெள்ளி 50 காசுக்கு வாங்குகிற குடும்பம், பல மடங்கு விலை கொடுத்து வெளிநாட்டு எண்ணெய் வாங்குமுன் யோசிக்கத்தான் வேண்டும். அதுவும் அந்தப் பனங்குலையை நாமே வெட்டிச் சுமந்துவிட்டு!

உலகத்துச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் உக்ரேனிலும் ரஷ்யாவிலும் உண்டாகிறது. 2022 பிப்ரவரியில் அங்கே போர் மூண்டதும் விலை ஏறியதற்குக் காரணம் அதுதான். செடியின் பூர்வீகம் என்னவோ வட அமெரிக்கா. அங்கிருந்து ஸ்பெயின்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். எண்ணெய்ப் பயிராக ஆக்கியவர்கள் ரஷ்யர்கள். தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற இடங்களிலும் ரஷ்ய ரகங்கள் வந்து பயிரிடத் தொடங்கியது 1970-களில்தான். நம் பாட்டன் பூட்டன் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஊற்றித்தான் சமைத்தார்கள்.

கொழுப்பின் வகையை வைத்துப் பார்த்தால், சூரியகாந்தி எண்ணெயில் இரத்தக் குழாயில் கொழுப்பை ஏற்றும் கெட்டிக் கொழுப்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான். சமையலுக்கு வரும் செம்பனை எண்ணெயில் பத்தில் நாலு பங்குக்குக் குறையாது. ஆகவே கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் சூரியகாந்தி எண்ணெய் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் நெடுநேரக் கொதிப்பைத் தாங்காது. பலகாரம் பொரிக்கும் சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் சீக்கிரம் கெட்டு, உடம்புக்கு ஆகாத பொருள்களை உண்டாக்கும். அந்த வகையில் செம்பனை எண்ணெய் கெட்டி. 'ஹை ஒலேயிக்' என்று போட்ட சூரியகாந்தி எண்ணெய் சூட்டைத் தாங்கும், விலையும் கூடுதல்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய், எத்தனை தடவை காய்ச்சிய எண்ணெய் என்பதே பெரிய விஷயம். எல்லா எண்ணெயிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. வடை சுட்ட எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்து, பிசுபிசுவென்று ஆன பிறகும் அதிலேயே மீன் பொரிப்பதை விட்டுவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை. போத்தலின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை, இரண்டரை வெள்ளிப் பாக்கெட்டிலும்தான்.

தோலுக்குத் தடவலாமா என்றால் தடவலாம். வங்காளதேசத்து டாக்கா மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் தொற்றுநோய் குறைந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது மருத்துவமனைக்குள் டாக்டர்கள் மேற்பார்வையில் செய்தது. ஆனால் மருந்து அடிக்கப் போகும் பெண்கள் கையிலும் முகத்திலும் எண்ணெய் பூசிக்கொண்டு போனால் மருந்து ஒட்டாது என்று நம்புகிறார்களே, அது முற்றிலும் தவறு. சில மருந்துகள் எண்ணெயோடு சேர்ந்து தோலுக்குள் இன்னும் சுலபமாக இறங்கும். கையுறை, முகக்கவசம், நீளச்சட்டை, பூட்ஸ், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், இவைதான் காப்பு. இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை.

வீட்டு வாசலில் நட்டால் நம் ஊரில் வளருமா என்று கேட்டவர்களுக்கு: வளரும், ஆனால் கிள்ளான் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மேட்டுப் பாத்தி போடுங்கள். மண் புளிப்பாக இருந்தால் தோட்டத்தில் போடும் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் கலந்து கொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஆழமான தொட்டியில் குட்டை ரகம் நடலாம், வெயில் விழும் பக்கம் பார்த்து வையுங்கள். விதையை ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். இரண்டு மாதத்தில் பூக்கும், மூன்று மாதத்தில் விதை முற்றும். இந்த வட்டாரத்தில் ஏப்ரலிலும் ஆண்டுக் கடைசியிலும் மழை பலமாகப் பிடிக்கும். பூ விரிந்த நேரத்தில் விடாத மழை என்றால் தலை அழுகிப் போகும். மே மாதத்தில் நட்டால் ஜூலை வெயிலில் பூவைப் பார்க்கலாம்.

சூரியன் போகும் பக்கமெல்லாம் பூ திரும்புமா என்பது பிள்ளைகள் கேட்ட கேள்வி. இளஞ்செடி திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் தலை மேற்கே சாயும், இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து திரும்பவும் கிழக்கே வரும். பூ முற்ற விரிந்ததும் வளர்ச்சி நின்று, கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும். 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கிழக்கைப் பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடாவதால், மேற்கே திருப்பி வைத்த பூவைவிட ஐந்து மடங்கு தேனீக்கள் அதற்கு வந்ததாகக் கண்டார்கள். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஆயிரக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நடுவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பொட்டும் ஒரு பூ, ஒவ்வொன்றும் ஒரு விதை. தேனீ வராவிட்டால் விதை பொக்காகிவிடும். தேனீ இல்லாத மாடி வீட்டில் மெல்லிய தூரிகையால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைத் தடவலாம்.

செம்பனைத் தோட்டத்து ரோட்டோரம் பூக்கும் சிறிய மஞ்சள் பூவும் இதன் இனமா என்று ஒரு மாணவன் கேட்டான். அது துர்னேரா என்ற வேறு குடும்பத்துச் செடி. பனையோலையைத் தின்று கூடு கட்டித் தொங்கும் புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நிர்வாகம் நடுவது. விளையாட்டுக்குக்கூடப் பிடுங்க வேண்டாம், அது இருந்தால் மருந்து அடிக்கும் வேலை குறையும்.

விதை முற்றியதும் தலையின் பின்பக்கம் பச்சை மாறி மஞ்சளாகும். அணிலும் எலியும் நமக்கு முன்னே தெரிந்துகொள்ளும், ஆகவே மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். அறுத்த தலையை நிழலில் தொங்கவிட்டு, விதையை உதிர்த்து வெயிலில் நன்றாகக் காயவைத்து இறுக மூடிய போத்தலில் வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அரைகுறையாகக் காய்ந்த விதை பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கக்கூடியது, வறுத்தாலும் முழுவதும் போகாது. கசப்பு, முக்கல் வாடை, கறுப்புப் புள்ளி எது தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம். இலையும் தண்டும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது. காய்ந்த தண்டை வெட்டி வாழைக்கு அடியில் போட்டால் உரமாகிவிடும்.